கார்த்திகைக்குப் பின்னும் மழை வரும்: கிடை ஆட்டுக்கு வர நினைக்கிற இளையவர்களுக்கு

கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஊர் ஊராகச் செம்மறி ஆட்டை நடத்திப்போய், எருவுக்காக இரவில் வயலில் அடைத்துக் கிடை போடுகிற எங்களைப் போன்ற கிடை ஆட்டுக்காரர்களுக்கு அது வேலைக் கணக்கு. கார்த்திகை கழிந்துவிட்டால் பள்ளத்தில் கிடை போடலாம், குளத்து உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்குகிற பரப்புக்குள், இறங்கலாம். 2023இல் அந்தக் கணக்கு பொய்த்தது. டிசம்பர் 17, மார்கழி பிறந்த கையோடு மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம்.

அன்று எங்கள் கிடை சாத்தான்குளம் பக்கம் ஒரு குளத்து உள்வாயில் கிடந்தது. 180 ஆடு. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குட்டிகள் 34. போனில் அதிகனமழை எச்சரிக்கை வந்திருந்தது. அப்பாவிடம் காட்டினேன். "மார்கழி பொறந்தாச்சு, இனி பனிதான் தாயி" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு கிலோமீட்டரில் தேரிக்காடு இருக்கிறது; சிவப்பு மணல் மேடு, எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி அப்பாவை எழுப்பினோம். குட்டிகளை, அவற்றை அடைக்கிற பெரிய கூடையான கொடாப்போடு எக்ஸ்எல் வண்டியில் கட்டி என் வீட்டுக்காரர் நாலு நடை அடித்தார். நானும் அப்பாவும் பெரிய ஆடுகளை ஓட்டினோம். விடிந்து பார்த்தால், ஆட்டை அடைக்க முந்தின நாள் நட்ட வலைக்கம்புகளின் நுனிகூடத் தெரியவில்லை. எங்களுக்கு ஆறு குட்டிகள் குளிரில் போயின. பள்ளத்திலேயே தங்கிவிட்ட ஒரு கிடையில் பாதி ஆடு மிஞ்சவில்லை.

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. வயது 31. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நாலு வருஷம் செக்கிங் வேலை பார்த்துவிட்டு 2019இல் ஆட்டுக்குத் திரும்பினேன். அதற்கப்புறம் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள், "அக்கா, கிடை ஆட்டுக்கு வரலாமா?" என்று. மந்தை நடத்துகிற மேய்ப்பர்களை நாங்கள் கீதாரி என்போம்; கீதாரி வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். வரலாம். ஆனால் மாதக் கணக்கை விட்டுவிட்டு மழைக் கணக்குக்கு வர வேண்டும். அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆடு வாங்காதீர்கள், நடங்கள்

ஒரு பருவம், குறைந்தது நாலு மாதம், பழைய கீதாரி ஒருவரோடு நடந்து பாருங்கள். கூலி பேசிக்கொள்ளுங்கள், காசாகவோ குட்டியாகவோ கொடுப்பார்கள். குட்டியாக வாங்குவது நல்லது, உங்கள் மந்தை அங்கேயே தொடங்கிவிடும். இந்த நாலு மாதத்தில் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஆடு எதைப் பார்த்துத் தலையைத் தூக்குகிறது, எதைப் பார்த்து ஒதுங்குகிறது என்பது. வீடியோ பார்த்து வராது. எனக்கே, கிடையில் பிறந்தவளுக்கே, திருப்பூரிலிருந்து திரும்பிய பிறகு ஒரு வருஷம் பிடித்தது.

அப்புறம் 30 தாய் ஆடு, ஒரு கிடா. அதற்கு மேல் வேண்டாம். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்; பால்பல் விழுந்து இரண்டு பல், நாலு பல் போட்ட இளம் ஆடாக வாங்குங்கள். மடியை இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள், கட்டி இருந்தால் அந்த ஆடு குட்டியைக் காப்பாற்றாது. குளம்பு நேராக ஊன்றுகிறதா என்று பத்தடி நடக்கவிட்டுப் பாருங்கள்.

இனத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். எங்கள் பக்கம் வேம்பூர் ஆடு, பொட்டாடு என்றும் சொல்வோம், வெள்ளை உடம்பில் செம்பொட்டு. இன்னொன்று கீழக்கரிசல்; செந்நிற உடம்பு, அடிவயிறு கறுப்பு. இரண்டுக்கும் கால் நீளம், நடக்கும், காய்ந்த சருகிலும் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். சதைக்காக வெளியூர்க் கிடா வாங்கிச் சேர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குட்டி பெரிதாகத்தான் பிறக்கிறது. சித்திரை வெயிலில் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை என்றதும் அதுதான் முதலில் உட்காருகிறது. வெயில் கூடிக்கொண்டே போகிற காலத்தில் நடக்கிற கால்தான் நமக்கு இன்சூரன்ஸ்.

நோட்டு

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். எங்கள் வழி இது: ஐப்பசியிலிருந்து தை வரை கரிசலில் உளுந்து, பாசி, கம்பு, சோளம், மக்காச்சோளம் என்று வெள்ளாமை நிற்கும், ஆட்டுக்கு இடம் இருக்காது. அப்போது தரிசு, ஓடைக்கரை, தேரிக்காடு. மாசியில் கரிசல் அறுவடை முடிந்து காடு திறக்கும். பங்குனி, சித்திரையில் தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல் அறுத்து முடித்த வயல்களுக்கு இறங்குவோம். அடுத்த பருவமான கார் நடவுக்குத் தண்ணீர் வரும்வரை அங்கே கிடை. அப்பாவுக்கு இது மனப்பாடம். ஆனால் அப்பாவின் மனப்பாடத்தில் இருக்கிற ஊருணிகளில் மூன்றில் இப்போது தண்ணீர் நிற்பதில்லை. இரண்டு தரிசு நிலங்களைச் சுற்றி சோலார் வேலி வந்துவிட்டது. அதனால் நோட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் நாங்கள் போன தேதி, அன்றைக்குத் தண்ணீர் இருந்ததா, நிழல் மரம் எத்தனை, பக்கத்துக் கால்நடை மருந்தகம் எங்கே, கிடை போடச் சொன்ன சம்சாரியின், அதாவது நிலத்துக்கார விவசாயியின், போன் நம்பர், எல்லாம் எழுதுகிறேன். தண்ணீருக்கு மட்டும் தனிப் பக்கம். வெயில் காலத்தில் ஒரு தாய் ஆடு நாளுக்கு நாலைந்து லிட்டர் குடிக்கும். நூறு ஆட்டுக்கு 500 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரியாமல் இந்தத் தண்ணீரை விட்டுக் கிளம்பக்கூடாது.

மேய்ச்சல் புறம்போக்கு எது, பட்டா நிலம் எது என்று தகராறு வரும். எந்த நிலம் எந்த வகை என்று சொல்லும் கிராமத்தின் அ பதிவேட்டைப் போனிலேயே பார்க்கலாம். சர்வே நம்பரை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் வாய்ச்சண்டை பாதி குறையும்.

மழைக் கணக்கு

பெரியவர்கள் "புரட்டாசியில் ஊசி, ஐப்பசியில் மேடு" என்று மாதத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். அப்போது மாதமும் மழையும் சேர்ந்து வந்தன. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அந்த வருஷம் நான் திருப்பூரில் இருந்தேன். அப்பா 200 ஆட்டில் 130ஐ வந்த விலைக்கு விற்றார். ஏழு வருஷத்தில் அதே மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. ஆகவே எந்த மாதம் என்று கேட்காதீர்கள். மழை வந்ததா, நின்றதா, எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள்.

முதல் மழைக்குப் பிறகு வருகிற ஆபத்து துள்ளுமாரி. காய்ந்து கிடந்த காட்டில் இளம்புல் தலைகாட்டியதும் ஆடு வெறி பிடித்ததுபோல மேயும். குடலில் ஏற்கெனவே இருக்கிற கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். இரவு நன்றாக இருந்த குட்டி காலையில் துள்ளி விழுந்து செத்துக் கிடக்கும். அதிலும் கொழுத்த குட்டிதான் முதலில் போகும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. வழக்கமாகப் பருவமழைக்கு முன்னால் போடுவார்கள். சிக்கல் எங்கே என்றால், அந்த ஊசிக்கு அப்புறம் பிறந்த குட்டிகளுக்கு எதுவும் கிடைத்திருக்காது. பங்குனி, சித்திரையில் கோடை மழை கொட்டினால் அவைதான் மாட்டும். அதனால் குட்டிகளுக்குத் தனியாக மாசியில் மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். முதல்முறை போடுகிற குட்டிக்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். இன்னொரு வழியும் உண்டு: மழை பெய்த முதல் பத்து நாள் காலையில் பச்சைக்கு விடாதீர்கள். கருவேல நெற்று, உடைமர நெற்று, காய்ந்த தாள், ஏதாவது கொடுத்து அரை வயிறு நிரப்பிவிட்டு, ஒரு மணி நேரம் மட்டும் பச்சையில் விடுங்கள்.

மழை நின்று போனால் வேறு ஆபத்து. இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2022 கோடையில் ஒரு மழை பெய்து மூன்று வாரம் காய்ந்தது. சோளம் அறுத்த காடு ஒன்றில் அடிக்கட்டையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் துளிர் வந்து, வெயிலில் வாடி நின்றது. சுற்றிலும் எதுவும் இல்லை, ஆடு பசியில் இருந்தது, விட்டுவிட்டேன். கால் மணி நேரம் ஆகவில்லை. ஒரு தாய் ஆடு முன்னங்காலை அகட்டி நின்று வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. உதட்டைப் பிதுக்கிப் பார்த்தேன், ஈறு செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருந்தது. அடுத்தது தள்ளாடியது, அதற்கடுத்தது விழுந்தது. வாடிய சோளக்குருத்தில் சயனைடு நஞ்சு ஏறும். ரத்தத்தில் காற்று இருந்தும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் அந்தச் சிவப்பு. மருத்துவர் வந்து நரம்பில் மருந்து ஏற்றியதில் நாலு பிழைத்தன. பதினொன்று போயின. அந்தப் பதினொன்றில் ஒன்று, என் மகள் கையால் பால் ஊட்டி வளர்த்தது.

சோளம் பூ எடுத்த பிறகு பயம் குறைவு. முழங்கால் உயரத் துளிர், வாடல், அறுத்த கட்டையில் மறுபடி முளைக்கிற மறுதாம்பு, இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் மந்தையைத் திருப்புங்கள். வேறு வழியே அந்தக் காட்டோரம்தான் என்றால் வயிறு நிறைந்த ஆட்டை ஓட்டிப் போங்கள், பசித்த ஆட்டை ஓட்டாதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸ் 1962. இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

மழை விடாமல் நாலைந்து நாள் பெய்தால் நீலநாக்கு நோய். கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி கடித்துப் பரவும். முகம் வீங்கும், வாய் புண்ணாகும், ஆடு நொண்டும், நாக்கு சிலதுக்கு நீலம் பூக்கும். மேட்டுக்கு மாறுங்கள், சாயங்காலம் வேப்பிலை, நொச்சி போட்டுப் புகை மூட்டுங்கள். தடுப்பூசி உண்டு, அதையும் மழைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். ஆட்டுக்கொல்லி என்கிற தொற்றுநோய்க்கு ஒரு ஊசி போட்டால் மூன்று வருஷம் தாங்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

மழைக் காலம் முழுக்கப் பத்து நாளைக்கு ஒரு தடவை கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்து வெள்ளைத் தாள்போல இருந்தால் வயிற்றில் புழு ரத்தம் குடிக்கிறது. வெளுத்ததுக்கு மட்டும் குடற்புழு மருந்து கொடுங்கள். எல்லாவற்றுக்கும் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்தால் மருந்து வேலை செய்யாமல் போய்விடும்.

குட்டி பிறக்கிற நேரத்தையும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சினைக்காலம் ஐந்து மாதம். அடைமழையில் குட்டி விழக்கூடாது என்றால் ஐந்து மாதம் முன்னால் கிடாவைப் பிரித்து வையுங்கள். முடியாவிட்டால் கிடாவின் வயிற்றுக்குக் கீழே சாக்குத் துணி கட்டிவிடுங்கள். அந்த 2023 டிசம்பரில் 34 குட்டி இருந்ததற்குக் காரணம், ஆனி மாதம் நாங்கள் கிடாவைக் கவனிக்காமல் விட்டதுதான்.

வெயில்

பங்குனிக்கு அப்புறம் பத்து மணிக்கு மேல் ஆடு மேயாது. ஒன்றின் வயிற்று நிழலில் இன்னொன்று தலையைச் செருகிக் கும்பலாக நின்றுவிடும். அப்போது அதட்டி ஓட்டினால் எடைதான் குறையும். விடிவதற்கு முன் ஐந்து மணிக்கே திறந்துவிடுங்கள், பத்து மணிக்குள் நிழல், நாலு மணிக்கு மேல் மறுபடி. நிலா நாட்களில் இரவு மேய்ச்சலும் நல்லதுதான், ஆனால் தார்ச்சாலைப் பக்கம் போகாதீர்கள். நிழல் மரம் இருக்கிற இடமாகப் பார்த்து அன்றைய மேய்ச்சலைத் தீர்மானியுங்கள். நீங்களும் தலையில் துண்டு இல்லாமல், உப்புப் போட்ட நீராகாரம் இல்லாமல் போகாதீர்கள். கோடை இடிக்கு 'தாமினி' செயலி வைத்திருக்கிறேன், சுற்றுவட்டத்தில் மின்னல் விழும் வாய்ப்பு இருந்தால் சொல்லும். சொன்னதும் ஒற்றை மரத்தடியை விட்டு மந்தையை விலக்குவேன்.

கிடை பேசுவது

ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்று சம்சாரிகளுக்குத் தெரியும். உர விலை ஏறிய பிறகு கிடைக்கு மதிப்பு கூடியிருக்கிறது, கூச்சப்படாமல் பேசுங்கள். எங்கள் 180 ஆடு ஓர் இரவுக்குப் பத்து சென்ட் மூடும். பத்து இரவில் ஒரு ஏக்கர். தினமும் வலையை மாற்றிப் போட வேண்டும், அந்த உழைப்பையும் கணக்கில் சேருங்கள். காசு, எத்தனை இரவு, குடிதண்ணீர் யார் தருவது, எல்லாவற்றையும் பேசி முடித்ததும் வாட்ஸாப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜாக அவருக்கே அனுப்பி "சரிதானே அண்ணாச்சி" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: கடைசியாக எப்போது மருந்தடித்தீர்கள், என்ன மருந்து? களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ புதிதாக அடித்த வயல் என்றால் எவ்வளவு கொடுத்தாலும் இறங்காதீர்கள். வரப்புப் புல்லில்தான் மருந்து அதிகம் தங்கும்.

காகிதங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். கிசான் கிரெடிட் கார்டு ஆடு வளர்ப்பவர்களுக்கும் உண்டு. தேசிய கால்நடை இயக்கத்தில் காப்பீட்டு பிரீமியத்தில் நம் பங்கு 15 சதவீதம்தான். ஆட்டின் காதில் அடையாள வில்லை இருக்க வேண்டும், போட்டுக்கொள்ளுங்கள். அதே திட்டத்தில் ஆட்டுப் பண்ணைக்கு 50 சதவீத மானியம் உண்டு, ஆனால் அது கொட்டகைப் பண்ணைக்காரர்களுக்குப் பொருந்துகிற திட்டம். கிடைக்காரர்கள் அதை நம்பிக் கடன் வாங்கி ஷெட் போட்டால் தீவனச் செலவே ஆட்டைத் தின்றுவிடும் என்பது என் எண்ணம். 2006 வன உரிமைச் சட்டத்தில் இடம்பெயரும் மேய்ப்பர்களின் மேய்ச்சல் உரிமை எழுதியே இருக்கிறது, மலையடிவாரத்துக்குப் போகிறவர்கள் கிராம சபை மூலம் அதைக் கேளுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய 21வது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக மேய்ப்பர்களைத் தனியாகக் கணக்கெடுத்தார்கள். 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. கிராம சபையில் நம் புறம்போக்கைப் பற்றிப் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

வீடு

கிடை ஆட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். என் அம்மா இருபது வருஷம் வெட்டவெளியில் சமைத்தார், மாதவிலக்கு நாட்களில் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அவர் பட்டதை நான் படத் தயாராக இல்லை. உங்கள் மனைவியும் படக்கூடாது.

நாங்கள் செய்த ஏற்பாடு இது. மூன்று குடும்பம், அவரவர் ஆட்டுக்குக் காதில் வேறு வேறு வெட்டு, ஒரே மந்தை. குடும்பத்துக்கு ஒருவர் வீதம் எப்போதும் மூன்று பேர் கிடையில். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். மற்றவர்கள் ஊரில். மகள் ஊரிலேயே ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், அம்மா பார்த்துக்கொள்கிறார். கிடைக்கு வருகிற பெண்களுக்கென்று நாலு கம்பும் தார்ப்பாயும் வைத்து ஒரு மறைப்பு, ஒரு சோலார் விளக்கு. இரண்டும் எக்ஸ்எல்லில் அடங்கும். செலவு, வரவு எல்லாம் அதே நோட்டில், மூன்று வீட்டுப் பெண்களும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறோம். போன வைகாசியில் எங்கள் கூட்டில் இருக்கிற ஒரு தம்பிக்குக் கல்யாணம் முடிந்தது. பெண் வீட்டார் கேட்டது ஒன்றுதான்: பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாப்பிள்ளை வீட்டுக்கு வருவாரா? நோட்டைக் காட்டினோம்.

சாயங்காலம் வலைக்குள் அடைக்கும்போது ஓர் ஆள் மட்டும் நுழைகிற இடைவெளி விட்டு, ஆடுகளை இரண்டிரண்டாகக் கடக்கவிட்டு எண்ணுங்கள். ஒருவர் எண்ணுகிறபோது மற்றவர் பேசக்கூடாது. ஒன்று குறைந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பெரும்பாலும் அது கடைசியாகத் தண்ணீர் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில், ஏதாவது ஒரு உடைமர நிழலில், ஈரம் காயாத குட்டியை நக்கிக்கொண்டு நிற்கும். டார்ச்சும் ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு இரண்டு பேராகப் போங்கள்.